இரண்டு ஊதாக் கம்பிகள்

லோவல் சாவியைத் திருப்பினான். ஸ்டீரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்குகள் எரிந்தன. ரேடியோவில் சோள விலை சொல்லிக்கொண்டிருந்தவன் ஒரு நொடி வாயை மூடி மறுபடி தொடர்ந்தான். என்ஜின் மட்டும் அசையவில்லை. இரண்டாவது முறையும் அதே கதை. மூன்றாவது முறை திருப்பியபோது, கராஜ் சுவரில் சாய்ந்து நின்ற அவன் தம்பி டுவேனுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் போய்விட்டது.

“அண்ணி, பழக்கதோஷத்துல டெலிபோன் கனெக்‌ஷன் குடுத்துட்டீங்களா? ஹலோன்னு சொல்லிப் பாருங்க, எடுத்தாலும் எடுக்கும்.”

 லோவலின் மனைவி நடீன், கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கிற மீட்டரின் இரண்டு முனைகளையும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் டெலிபோன் கம்பெனியில் கேபிள் ஒட்டுகிற வேலை பார்த்தவள் அவள். தெருவுக்கு அடியில், மழைத் தண்ணீர் முழங்கால் வரை நிற்கிற குழிகளில் உட்கார்ந்து, அறுநூறு ஜோடிக் கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்திருக்கிறாள். அவள் ஒட்டிய ஒட்டு ஒன்றுகூடப் பழுதாகித் திரும்பி வந்ததில்லை என்பது கொகோமோ ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாதவர்கள் இருந்தால் அவளே சொல்லிவிடுவாள். அடக்கம் என்பது வேலை தெரியாதவர்களுக்கு என்பது அவள் கட்சி.

“கம்பி சரியாத்தான் இருக்கு” என்றாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றான் டுவேன். “கம்பியும் சரி, சுவிட்சும் சரி, அப்ப கார்தான் தப்பு!”

கார்மேல் தப்பு சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் மனம் வராது. எழுபதாம் வருஷத்து மாடல், இரண்டு கதவு, பச்சைப்பயறு நிறம். லோவல் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் வாங்கியது. அவன் வேலை பார்த்ததோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்கிற ஆலையில். முப்பத்தோரு வருடம் அந்தப் பெட்டிகளைத் தூக்கி, பூட்டி, சோதித்து அனுப்பினான். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் காலை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, காரில் இருக்கிற ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டுக் கையால் மாற்றுகிற நாலு கியர் பெட்டி போடப்போகிறேன் என்றான். ஆலைக்கூட்டாளிகள் விடுவார்களா? அல்வாக்கடைக்காரன் அடுத்த தெருவுக்குப் போய் ஊறுகாய் வாங்கி நக்குகிறான் என்று கேலி செய்து தீர்த்துவிட்டார்கள். லோவல் அவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தான். “ஆட்டோமேட்டிக் செஞ்சு செஞ்சு நாட்டுல இருக்கறவன் இடது காலுக்கெல்லாம் ஓய்வு குடுத்தாச்சு. என் காலுக்கு அந்த ஓய்வு வேண்டாம்.”

அந்த இடது காலைப் பற்றி நடீனுக்குத் தெரிந்ததில் பாதி மற்றவர்களுக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு முதுகெலும்பில் அறுவை நடந்தது. பெட்டி தூக்கித் தூக்கி நசுங்கிய தட்டு ஒன்று நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வலி போயிற்று. கூடவே இடது பாதத்தின் உணர்ச்சியும் போயிற்று. பலம் இருந்தது, நடந்தான், மாடி ஏறினான், ஆனால் பாதத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு மாலை அவன் ஷூவைக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு நட்டு விழுந்தது, காலுறை ரத்தத்தில் நனைந்திருந்தது. காலையிலிருந்து அதன்மேல் நடந்திருக்கிறான். “யார்கிட்டயும் சொல்லாதே” என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

பெட்டியை மாற்றியது டுவேன். இரும்பு வேலையில் அவன் கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. பழைய பெட்டியை இறக்கினான், புதியதை ஏற்றினான், கிளட்ச் பெடலை மாட்டினான். கடைசியில் கம்பிகள் மிச்சமாகத் தொங்கின. அவற்றில் தடியாக இரண்டு ஊதாக் கம்பிகள். ஆட்டோமேட்டிக் இருந்தபோது அந்த இரண்டும் கியர் கம்பத்துக்கு அடியில் இருந்த ஒரு சுவிட்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. கம்பம் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் அவை சேரும், சேர்ந்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட். இப்போது கம்பமும் இல்லை, சுவிட்சும் இல்லை. டுவேன் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டான். ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான்.

எல்லோரும் செய்கிற இன்னொரு காரியத்தையும் அவன் அப்போதே செய்தான். வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். பனிக்காலத்தில் அந்த ஊரே அப்படித்தான் வண்டியைச் சூடாக்கும். பார்க்கிங்கில் நிற்கிற ஆட்டோமேட்டிக் வண்டி ஏன் நகரப்போகிறது? ஆனால் இது இப்போது அந்த வண்டி இல்லை, முதல் கியரில் வேறு நின்றது. சாவி திரும்பியதும் கன்றுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு. எதிரே இருந்த ஃப்ரீசர் நசுங்கி, போன நவம்பரில் சுட்ட மானின் இறைச்சிப் பொட்டலங்கள் தரையெல்லாம் சிதறின. அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் நடீன் அந்த ஃப்ரீசரில் குனிந்து பீன்ஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தவள், தான் நின்ற இடத்தில் பம்பர் இருப்பதைப் பார்த்தாள்.  கையில் இருந்த பீன்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். “இனிமே இந்தக் கார்ல என்னைத் தவிர எவனும் கம்பியத் தொடக்கூடாது.”

மூன்று வாரம் ஆயிற்று. ஊதாக் கம்பிகள் இரண்டையும் கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு சிறிய சுவிட்சுக்குக் கொண்டுபோனாள். பெடல் தரையைத் தொட்டால்தான் அது சேரும். ரிவர்ஸ் விளக்குக் கம்பிகளைப் புதுப் பெட்டியின் பக்கத்தில் இருந்த சுவிட்சில் மாட்டினாள். வேலை இல்லாத கம்பிகளின் நுனியைக்கூட மூடி, ஒவ்வொன்றிலும் அது எங்கிருந்து வருகிறது என்று சீட்டு எழுதிக் கட்டினாள். எல்லாம் முடித்து, வா, வந்து ஸ்டார்ட் பண்ணு என்று அழைத்த நாள்தான் இது. வண்டி வாயைத் திறக்கவில்லை.

அவள் காருக்குள் மல்லாந்து படுத்தாள். தலை பெடல்களுக்கு அடியில், முதுகு சீட் விளிம்பில், கால்கள் எதிர்க் கதவுக்கு வெளியே. அறுபத்து மூன்று வயதில் இப்படிப் படுக்க ஒரு தைரியம் வேண்டும், எழுந்திருக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். சாவியை எடுக்கச் சொல்லிவிட்டு மீட்டரின் முனைகளைச் சுவிட்சில் வைத்தாள்.

“மிதி.”

லோவல் மிதித்தான். சுவிட்ச் சேர்ந்தால் கத்த வேண்டிய மீட்டர் சத்தம் போடவில்லை.

“நல்லா மிதி.”

“மிதிச்சுட்டேன். தரையோட ஒட்டியாச்சு.”

நடீன் கண்ணை மீட்டரிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தாள். அவனுடைய பழுப்பு ஷூ அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பெடல் தரைக்கு இரண்டு விரல்கடை மேலே நின்றிருந்தது. அவள் கையை நீட்டி அந்த ஷூவை மெதுவாகக் கீழே அழுத்தினாள். மீட்டர் கீச்சென்று கத்தியது. கையை எடுத்தாள். பெடல் மேலே வந்து பழைய இடத்தில் நின்றது, சத்தம் நின்றது. அவள் அழுத்தியது அவனுக்குத் தெரியவே இல்லை.

“என்ன, கண்டுபிடிச்சியா?” என்று மேலிருந்து கேட்டான். குரலில் துளிச் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அண்ணே, நான் சொல்றதக் கேளு” என்றான் டுவேன். “ரெண்டு ஊதாவையும் முறுக்கி விடு. அன்னைக்கு நான் கியரப் பாக்காம போட்டேன். பாத்துப் போட்டா ஒண்ணும் ஆகாது.”

“முறுக்கிடு நடீன்” என்றான் லோவலும். “எதுக்கு இவ்வளவு பாடு?”

அவள் அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தாள். வாழ்நாளில் எதையும் பூசி மெழுகியவள் இல்லை. கம்பி சரி, உன் கால்தான் பத்தவில்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். சொன்னால் டுவேன் சிரிக்க மாட்டான், அதுதான் கஷ்டம். பரிதாபப்படுவான். தம்பி பரிதாபப்படுகிற முகத்தைப் பார்த்தபின் லோவல் அந்த சீட்டில் மறுபடி உட்காரமாட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கதவைப் பிடித்துத் தன்னை வெளியே இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

“சுவிட்ச தப்பா மாட்டிட்டேன்” என்றாள்.

டுவேனின் முகத்தில் தீபாவளிதான். “இருங்க இருங்க. திரும்பச் சொல்லுங்க அண்ணி, காது சரியா கேக்கல.”

“தப்பா மாட்டிட்டேன். போதுமா? கடைக்குப் போய் இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வா.”

உதிரிபாகக் கடையில் எந்த நேரமும் பழைய ஆலைக்காரர்கள் நாலு பேர் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார்கள். டுவேன் கிளம்பிய வேகத்தைப் பார்த்தால் சுவிட்ச் வாங்க மறந்தாலும் மறப்பான், அதைச் சொல்ல மறக்கமாட்டான். முப்பது வருடப் பெயர் அவனுடைய பிக்கப் வண்டியில் ஏறிப் போவதை நடீன் பார்த்தாள்.  போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு காரின் கதவுப் பக்கம் வந்து குந்தினாள்.

“லோவல், கம்பி சரியாத்தான் இருக்கு.”

“இப்பதானே தப்புன்னே?”

“அது டுவேனுக்கு. இது உனக்கு. உன் கால் தரையத் தொடல.”

“தொட்டிருக்கு.”

“குனிஞ்சு பாரு.”

அவன் குனிந்தான். தன் ஷூவையும், அதற்கும் தரைக்கும் நடுவில் இருந்த வெளியையும் வெகு நேரம் பார்த்தான். காதுமடல் சிவந்தது. “அப்ப சுவிட்ச ரெண்டு விரல் மேல ஏத்து” என்றான்.

“ஏத்தலாம், அஞ்சு நிமிஷ வேலை. வண்டியும் கிளம்பும். ஆனா இந்த உசரத்துல கிளட்ச் என்ஜின முழுசா விட்டிருக்காது. கியர்ல இருந்தா எதுத்தாப்ல நிக்கிறவங்க மேல போகும். போன தடவை ஃப்ரீசர். அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நான்.”

லோவல் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “பயமா இருக்கு நடீன். கால் இருக்கு, மிதிக்குது, ஆனா என்கிட்ட எதையும் சொல்ல மாட்டேங்குது. தரையில இருக்குன்னு சத்தியம் பண்ணிருப்பேன்.”

“தெரியும். நான் கையால அமுக்கினது கூட உனக்குத் தெரியல.”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயத்தை வைத்துக்கொண்டு வேலை செய்து பழகியவள். மறுபடி உள்ளே படுத்து மீட்டரை வைத்தாள்.

“மிதி. நீயா நிறுத்தாதே. நான் சொல்ற வரைக்கும் போ.”

“இப்ப?”

“இன்னும்.”

“இப்ப?”

“இன்னும்.”

மீட்டர் கத்தியது.

“இதுதான் தரை” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலயே.”

“மீட்டருக்குத் தெரியுது பாரு.”

அவன் காலை எடுக்காமல் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப கடைக்குப் போறப்ப எல்லாம் நீ இங்க தலைகீழா படுத்துக்கிட்டுக் கூட வருவியா?”

நடீன் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குள் அவள் மூளை வேலையில் இறங்கிவிட்டது.

டுவேன் ஒரு மணி நேரம் கழித்துப் புது சுவிட்சோடும் மலர்ந்த முகத்தோடும் வந்தான். நடீன் தான் முன்பே மாட்டியிருந்ததைக் கழற்றாமல், புதியதை அதன் பக்கத்திலேயே மாட்டினாள். “ரெண்டு எதுக்கு?” என்றான் அவன். “ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு காவலுக்கு” என்றாள். பழைய கியர் கம்பத்தின் எழுத்துகளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்த குட்டி பல்பு ஒன்று வேலையில்லாமல் கிடந்தது. அதற்குப் பச்சை மூடி போட்டு, முன் கண்ணாடிக்குக் கீழே, ரோட்டைப் பார்க்கிற கண்ணுக்குத் தட்டுப்படுகிற இடத்தில் வைத்தாள். பெடல் தரையைத் தொட்டால் புது சுவிட்ச் சேர்ந்து பச்சை எரியும். லோவல் மிதித்தான், பச்சை வந்தது, சாவியைத் திருப்பினான். என்ஜின் எடுத்த எடுப்பில் கராஜ் தகரமெல்லாம் அதிர்ந்தது. டுவேன் கை தட்டினான். “பாத்தீங்களா, புது சுவிட்ச்!” என்றான். நடீன் வாயைத் திறக்காமல் இருந்தது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அடுத்த வாரம் முழுக்கக் காலை வேளைகளில் பொருட்காட்சி மைதானத்துக்குப் போனார்கள். ஆள் இல்லாத பெரிய தார்த்தரை. கால் கீழே போய்ச் சேர்ந்ததை விளக்கு சொல்லும். மேலே வருகிறபோது எந்த இடத்தில் வண்டி பிடிக்கிறது என்பதை எந்த விளக்கும் சொல்லாது, அதை என்ஜினின் குரலிலும் சீட்டின் நடுக்கத்திலும்தான் பிடிக்க வேண்டும். திங்கட்கிழமை பதினோரு தடவை வண்டி உதறி நின்றது. லோவல் கெட்ட வார்த்தை சொன்னான். நடீன் அவனைவிட நல்ல கெட்ட வார்த்தையாகச் சொன்னாள். வியாழக்கிழமை மூன்றே தடவைதான்.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவல் விருந்து. நீள மேசைகள், காகிதத் தட்டுகள், முட்டைக்கோஸ் சாலட். பெட்டி மாற்றியபின் முதல் தடவையாக ஊரார் முன்னால் பச்சைப்பயறு நிறக் காரில் வந்து இறங்கினார்கள். ஆலைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து பார்த்து, உள்ளே வந்து உட்கார்ந்ததும், டுவேன் கதையை ஆரம்பித்தான். வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மெருகேறியிருந்தது.

“முப்பது வருஷம்! அறுநூறு ஜோடிக் கம்பி! ஒரு தப்பு கிடையாது! கடைசில எங்கண்ணன் கார்ல ரெண்டே ரெண்டு கம்பி, அண்ணி கவுந்துட்டாங்க!”

மேசை குலுங்கச் சிரித்தார்கள். நடீனும் தட்டைப் பார்த்தபடி ஒரு சிரிப்பு சிரித்துவைத்தாள். மீன் சப்பென்று இருந்தது.

லோவல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். “கம்பி சரியாத்தான் இருந்துச்சு” என்றான்.

“விட்டுக் குடுக்காதே அண்ணே!”

“அவ மாட்டின சுவிட்ச் இன்னும் அங்கயேதான் இருக்கு. என் கால்தான் பத்தல. எனக்கு இடது பாதத்துல உணர்ச்சி கிடையாது. ரெண்டு வருஷமாச்சு. தரை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. அது உனக்குத் தெரியக்கூடாதுன்னு அவ பழிய எடுத்துக்கிட்டா.”

சிரிப்பு நின்றுவிட்டது. எதிரே இருந்த பழைய ஆலைக்காரன் மெர்ல் தன் வலது கையைப் பார்த்துவிட்டு, “எனக்கு இந்த ரெண்டு விரலும் தெரியாது. சட்டைப் பொத்தான் பொண்டாட்டிதான் போட்டு விடறா” என்றான்.  யாரோ சாஸ் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார்கள்.

டுவேனின் முகம் சுருங்கிவிட்டது. “ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே அண்ணே.”

“இப்ப சொல்றேன்ல?”

டுவேன் நடீன் பக்கம் திரும்பினான்.  “சாப்பிடு” என்றாள் அவள். “நாளைக்கு எல்லார்கிட்டயும் போய்த் திருத்திச் சொல்லணும், தெம்பு வேணும்.” 

திரும்பும்போது வெயில் இன்னும் வயல்களின்மேல் கிடந்தது. ரயில்வே கேட் மேட்டின்மேல் இருக்கிறது. அவர்கள் பாதி ஏறியிருந்தபோது சிவப்பு விளக்குகள் மினுக்கி, கட்டை இறங்கியது. சரக்கு ரயில். பின்னால் ஒரு பிக்கப் வந்து பம்பரை முத்தமிடுகிற மாதிரி ஒட்டி நின்றது. கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுக் காலை எடுத்திருக்கலாம். லோவல் எடுக்கவில்லை. பச்சை எரிந்துகொண்டே இருந்தது. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவனுடைய இடது தொடை லேசாக நடுங்குவது பேண்ட்டின்மேலேயே தெரிந்தது.  பின்னால் அவ்வளவு கிட்ட நிற்கிறானே மடையன் என்று நடீன் மனதுக்குள் திட்டினாள்.

“விளக்கையே பாக்காதே” என்றான் லோவல். “ரோட்டப் பாரு.”

“நீ பாரு. நீதானே ஓட்டற?”

கடைசிப் பெட்டி போயிற்று. கட்டை மேலே ஏறியது. பின்னால் பிக்கப் ஒரு தடவை ஹாரன் அடித்தது. பச்சை அணைந்தது. கார் ஒரு விரல்கடை பின்னால் சரிந்தது, என்ஜினின் குரல் தாழ்ந்தது, சீட் நடுங்கியது, பிறகு எங்கேயோ ஓரிடத்தில் பிடித்துக்கொண்டது. தண்டவாளங்கள் அவர்களை இரண்டு முறை தூக்கிப் போட்டன. லோவல் இரண்டாவது கியருக்குப் போனான், மூன்றாவதுக்குப் போனான், ஏதோ சொல்லிச் சிரித்தான். நடீன் குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கால், முட்டி விறைக்க, தரைவிரிப்பை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. எடுக்க வேண்டும் என்று தெரிந்தும் அதை அவளால் உடனே எடுக்க முடியவில்லை.